மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சியும் தேசிய ஒத்துழைப்பும்: நெளுக்குளத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே செல்வோர் கடக்கும் ஊர்களுள் நெளுக்குளமும் ஒன்று. வன்னிப் பெருநிலத்தின் எண்ணற்ற ஊர்களைப் போல இதுவும் குளத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. இவ்வூரை முன்னிறுத்தி மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சி பற்றிப் பேச முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கிய மாணவராகிய நாம் மருத்துவத் துறையினுள் நுழைவது பொருந்துமா என்ற வினாவும் எழலாம். ஆயின், ஈண்டு நாம் ஆராயப் புகுவது நோயின் உடலியலை அன்று. அந்நோய் பற்றிய அறிவு எவ்வாறு உற்பத்தியாகின்றது, அது யார் கையிற் சேர்கின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்பனவே எமது வினாக்கள். இவை சமூக வரலாற்றுக்குரிய வினாக்கள். அவ்வளவில் அவை எமக்கும் உரியவை.

குளத்திலிருந்தே தொடங்குவோம். குளக்கட்டைக் காப்பதும், துருசைப் பேணுவதும், வாய்க்காலைத் தூர்வாருவதும் தனியொரு கமக்காரனால் ஆகும் காரியங்கள் அல்ல. வன்னியின் வேளாண்மை கூட்டு உழைப்பின்மீதே நின்றது. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியம் நீங்கியது. அது வரலாற்றில் முன்னோக்கிய அடியே. எனினும், அதனோடு பிணைந்திருந்த கூட்டு உழைப்பின் ஒழுங்கும் உடன் குலைந்தது. அவ்விடத்தை நிரப்ப வேறோர் அமைப்பை உருவாக்காத காலனித்துவ அரசு, 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்தின் மூலம் பழைய கிராம வழமைகளுக்கே மீண்டும் உயிர்கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய பிணைப்பு அறுந்தால் மட்டும் போதாது, புதிய பிணைப்பு உணர்வுபூர்வமாகக் கட்டப்படவேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாறும் வேறொரு தளத்தில் இதே பாடத்தைத்தான் கூறுகின்றது.

2

தமிழ் மரபில் மூளை நோய் பற்றிய புகழ்பெற்ற கதை தேரையருடையது. தீராத் தலைவலியால் வருந்திய அரசன் ஒருவனது கபாலத்தை அகத்தியர் திறந்தாராம்; மூளையின்மீது தேரை ஒன்று இருந்ததாம்; குரு செய்வதறியாது நிற்கையில் மாணவர் ஒரு பாத்திரத்தில் நீர் கொண்டுவந்து காட்ட, தேரை நீரிற் குதித்ததாம். இக்கதையில் அறுவை மருத்துவச் சான்றைத் தேடி மகிழ்வோர் உளர். எமக்கு முக்கியமாகப் படுவது பிறிதொன்று: குருவின் திறனோடு மாணவரின் யுக்தி சேர்ந்தபோதே நோய் நீங்கியது. கூட்டறிவின் சிறப்பைக் கதை கட்டிய மக்கள் உணர்ந்திருந்தனர். ஆனால், அதே சித்த மரபிலேயே மருத்துவ அறிவு பரிபாஷைச் சொற்களால் மறைக்கப்பட்டு, குருவழியில் வந்தோர்க்கு மட்டும் உரியதாக்கவும்பட்டது. பகிர்தலும் மறைத்தலும் ஆகிய இவ்விரு போக்குகளும் நவீன விஞ்ஞானத்திலும் நீங்கிவிடவில்லை. முன்னர் பரிபாஷை செய்த வேலையை இன்று காப்புரிமைப் பத்திரம் செய்கின்றது.

தனிமனித மேதையே நோயை வெல்வான் என்ற கருத்து எமது வெகுசனக் கலைகளில் ஆழ வேரூன்றியுள்ளது. 1961இல் வெளிவந்த 'பாலும் பழமும்' திரைப்படத்தின் நாயகன் புற்றுநோய்க்கு மருந்து தேடும் வைத்தியன். அவனுக்குத் துணை ஆராய்ச்சிக் கூட்டமைப்பு ஒன்றன்று, மனைவியின் தியாகமே. ஆராய்ச்சி ஈண்டுக் குடும்பத்தின் அந்தரங்கச் சோகமாகச் சுருங்கிவிடுகின்றது. படத்தின் கலைநயத்தை நாம் மறுக்கவில்லை. அது பிரதிபலிக்கும் கருத்துநிலையையே சுட்டுகின்றோம்.

இக்கருத்துநிலைக்கு வரலாற்றில் ஓரளவு அடிப்படையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூளைக் கட்டிகள் பற்றிய அறிவு பெரும்பாலும் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை வைத்தியரைச் சுற்றியே திரண்டது. அவர் தாம் அகற்றிய கட்டிகளையும் நோயாளர் குறிப்புகளையும் ஒழுங்காகச் சேமித்தார். 1926இல் பேர்சிவல் பெய்லியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட வகைப்பாடு பின்வந்தோர்க்கு அடித்தளமாயிற்று. 1931ஆம் ஆண்டளவில் அவர் உறுதிசெய்த கட்டிகளின் தொகை 2,000ஐ எட்டியது. ஒருவர் கைப்பட இத்தனை திரண்டது பெருஞ்சாதனையே. ஆயினும் ஒருவரின் சேகரிப்பு ஒருவரின் ஆயுளையும் ஒரு நிறுவனத்தின் சுவரையும் எல்லையாகக் கொண்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

3

மூளைப் புற்றுநோய் ஏன் கூட்டு முயற்சியை மற்றெந்நோயினும் அதிகமாக வேண்டிநிற்கின்றது? இந்நோய் ஒப்பீட்டளவில் அரியது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் மூளையிலும் மைய நரம்புத் தொகுதியிலும் புற்றுநோய் புதிதாகக் கண்டோர் ஏறக்குறைய 3 இலட்சத்து 21 ஆயிரம் பேர். அவ்வாண்டில் இந்நோயால் இறந்தோர் ஏறக்குறைய 2 இலட்சத்து 48 ஆயிரம் பேர். இவ்விரு எண்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதே நோயின் கொடுமையை உணர்த்தும். அரிய நோயாதலால் எந்த ஒரு வைத்தியசாலையும் தன் நோயாளரைக் கொண்டுமட்டும் உறுதியான முடிவுக்கு வர இயலாது. அதுமட்டுமன்றி, ஒரே பெயரால் அழைக்கப்படும் கட்டிகளும் மரபணு அளவில் வெவ்வேறானவை என இன்று அறிவோம். எனவே ஒவ்வொரு உட்பிரிவும் மேலும் அரியதாகின்றது. அறிவின் வளர்ச்சியே கூட்டுறவின் தேவையைப் பெருக்குகின்றது என்பது ஈண்டுக் காணும் இயங்கியல்.

வரலாறும் இதனை மெய்ப்பிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்தமைத்த மூளைக் கட்டி ஆய்வுக் குழு 1978இல் தன் முடிவுகளை வெளியிட்டது. கொடிய மூளைக் கட்டி உடையோருள் அறுவைக்குப் பின் பொதுப் பராமரிப்பு மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 14 வாரங்கள்; கதிர்வீச்சுப் பெற்றோரின் ஆயுள் ஏறத்தாழ 35 வாரங்கள். கதிர்வீச்சின் பயன் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. அடுத்த பெரும் முன்னேற்றத்துக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2005இல் வெளிவந்த ஐரோப்பிய-கனேடியக் கூட்டு ஆய்வு 85 நிலையங்களிலிருந்து 573 நோயாளரைச் சேர்த்தது. கதிர்வீச்சோடு தெமொசொலொமைட் என்னும் மருந்தும் கொடுக்கப்பட்டபோது இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகவும், இரண்டாண்டு உயிர்வாழ்ந்தோர் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாகவும் உயர்ந்தனர். இரண்டரை மாத ஆதாயத்தை ஐயமின்றிக் கண்டறிய 85 நிலையங்கள் கைகோக்க வேண்டியிருந்தது. இவ்வாதாயம் சிறிதென்று எள்ளுவோர், நோயுற்ற தாயொருத்திக்கு இரண்டரை மாதம் என்றால் என்ன என்பதை அறியாதோர்.

மூன்றாவது கட்டம் 2006இல் ஐக்கிய அமெரிக்க அரசின் நிதியில் தொடங்கிய புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம். அது முதலில் ஆராய்ந்த நோய்களுள் கிளையோபிளாஸ்டோமா எனும் கொடிய மூளைக் கட்டியும் ஒன்று. அதன் முதல் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. அதே ஆண்டில் வேறொரு குழுவினர் சில மூளைக் கட்டிகளில் ஐ.டி.எச்.1 என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டனர். அக்கண்டுபிடிப்பை அடியொற்றி உருவான வோரசிடெனிப் என்னும் மருந்து 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடையில் 16 ஆண்டுகள் கழிந்தன. பத்து நாடுகளைச் சேர்ந்த 331 நோயாளர் மீதான சோதனையில், நோய் மேலும் வளராதிருந்த இடைநிலைக் காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாயிற்று.

மரபணு வரைபடத் திட்டத்தின் சிறப்பு அதன் தரவுகள் பொதுவில் வைக்கப்பட்டமையே. 2022இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர் கிளையோபிளாஸ்டோமாவை உண்டாக்கும் மரபணு மாற்றங்களை இனங்காணும் கணினிக் கருவியொன்றை உருவாக்கியபோது, பொதுவில் இருந்த தரவுகளே மூலப்பொருளாயின. வாசிங்டனில் திறந்த துருசின் நீர் சென்னை வயலுக்கும் பாய்ந்தது எனலாம். ஆயின் ஒன்றை மறத்தல் கூடாது. அத்திட்டத்துக்குத் திசு வழங்கியோருள் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளை இனத்தவர். தரவு பொதுவானது; அத்தரவில் இடம்பெற்ற உடல்கள் பொதுவானவை அல்ல. நெளுக்குளத்து நோயாளி அவ்வரைபடத்தில் இல்லை.

4

ஆராய்ச்சியை விரைவுபடுத்தும் பொருட்டு ஒரு தேசம் முழுவதும் ஒன்றிணைய வேண்டும் என்ற கோரிக்கை அண்மைக் காலத்தில் இரு நாடுகளில் வெளிப்படையாக எழுந்தது. அவற்றின் அனுபவம் நுணுகி நோக்கற்பாலது.

பிரித்தானியாவில் இக்கோரிக்கை மேலிருந்து வந்ததன்று. மூளைக் கட்டியால் உடன்பிறந்தானை இழந்த பெண்ணொருவர் தொடங்கிய விண்ணப்பத்தில் 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அதன் விளைவாகப் பாராளுமன்ற மனுக்குழு 2016இல் அறிக்கை சமர்ப்பித்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான தேசியச் செலவில் ஏறக்குறைய ஒரு விழுக்காடே மூளைக் கட்டிக்குக் கிடைத்தமை அதனால் வெளிச்சத்துக்கு வந்தது. 2018 சனவரியில், நோயுற்றிருந்த முன்னாள் தொழிற்கட்சி அமைச்சர் டெசா ஜோவெல் பிரபுக்கள் சபையில் உரையாற்றினார். அவ்வாண்டு மே மாதம் அவர் மறைந்தார். அரசு 4 கோடி பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது. ஐந்து ஆண்டுகளின் பின் 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் குழுவொன்று ஆராய்ந்தபோது, அதில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பவுண் மட்டுமே ஆய்வாளரைச் சென்றடைந்திருந்தது.

பணம் இருந்தும் ஏன் பாயவில்லை? நோயாளரிடத்துச் செய்யும் சோதனைகளை நோக்கியே நிதிமுறை அமைந்திருந்தது. அச்சோதனைகளுக்கு முன்னோடியான ஆய்வுகூட வேலைக்கும், அவ்வேலையில் இளம் ஆய்வாளர் நிலைத்திருப்பதற்கும் வேண்டிய அடித்தளம் பல்லாண்டுப் புறக்கணிப்பால் நலிந்திருந்தது. குளத்தில் நீர் உண்டு, வாய்க்கால் தூர்ந்துவிட்டது. தேசிய ஒத்துழைப்பு என்பது தொகையை அறிவித்தல் அன்று, உழைப்பை ஒழுங்கமைத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவுஸ்திரேலியா 2017இல் மூளைப் புற்றுநோய்க்கெனத் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் உயிர்வாழ்வோர் விழுக்காட்டை இரட்டிப்பாக்குவதும், ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவச் சோதனையிற் பங்குகொள்ளும் வாய்ப்பை அளிப்பதும் அதன் குறிக்கோள்கள். அரசு 5 கோடி டொலரும் கொடைநிதியங்கள் 5 கோடி டொலரும் எனப் பத்துக் கோடி டொலர் நிதி திட்டமிடப்பட்டது. நோயாளி வெறும் பயனாளி அல்லர், அறிவின் உற்பத்தியிற் பங்காளி என ஏற்றுக்கொண்டமை இத்திட்டத்தின் முற்போக்கான கூறு. செல்வந்தரின் கொடையில் அரைப்பங்கு தங்கியிருத்தல் அதன் வரம்பு. கொடுப்போன் விருப்பம் மாறின் திட்டமும் மாறும்.

அண்டை நாடான இந்தியாவின் அனுபவம் எமக்கு இன்னும் நெருங்கியது. சென்னையில் பி. இராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு இன்று 300க்கு மேற்பட்ட நிலையங்களை இணைக்கின்றது. நிலையங்கள் தனித்தனியே பேரம் பேசாது 40 மருந்துகளைக் கூட்டாகப் பேசி வாங்கியபோது 80 விழுக்காட்டளவு செலவு மீதமாயிற்று. ஒன்றுபட்டோர் முன் சந்தை பணிந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒன்றுபடாத இடத்தில் நிகழ்வது யாது? லொமஸ்டின் என்பது 1970களிலிருந்தே பயன்பட்டுவரும் மூளைப் புற்றுநோய் மருந்து. அதற்குக் காப்புரிமை எக்காலமோ முடிந்துவிட்டது. எனினும் அமெரிக்காவில் அதன் உரிமை கைமாறிய 2013ஆம் ஆண்டின் பின், ஏறக்குறைய 50 டொலருக்கு விற்ற ஒரு குளிகையின் விலை ஐந்தாண்டுகளுக்குள் 768 டொலர்வரை உயர்த்தப்பட்டது. மருந்தில் புதிதாக எதுவும் சேரவில்லை. நோயாளரின் வேறுவழியின்மையே விலையாக மாற்றப்பட்டது. உற்பத்தி சமூகமயமாதலுக்கும் அதன் பயன் தனியுடைமையாதலுக்கும் இடையேயான முரண்பாடு அரசியற் பொருளாதார நூல்களில் மட்டும் உள்ளதன்று. அக்குளிகையினுள்ளும் அது உள்ளது. 1939இலேயே ஜே. டி. பேர்னல் விஞ்ஞானத்தின் சமூகப் பணி பற்றி எழுதிய நூலில், திட்டமிடப்படாத விஞ்ஞானம் தன் ஆற்றலை வீணாக்கும் என வாதிட்டார். அவர் வாதம் இன்னும் பழையதாகவில்லை.

5

இனி எமது நாட்டுக்கு வருவோம். தேசிய ஒத்துழைப்பு என்பது எமக்கு இறக்குமதிச் சரக்கு அன்று. 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அப்போது சூரியமல் இயக்கத்தின் இடதுசாரி இளைஞரும், டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோரும் கிராமந்தோறும் சென்று நிவாரணம் செய்தனர். மருத்துவமும் மக்கள் அரசியலும் ஒன்றையொன்று சந்தித்த கணம் அது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்றிய இலவச மருத்துவத்தின் பின்னணியில் அத்தகைய மக்கள் எழுச்சி இருந்தமையை வரலாற்று மாணவர் மறுக்க இயலாது.

மலேரியாவின் பிற்கால வரலாறும் படிப்பினை மிக்கது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டியதெனக் கண்காணிப்புத் தளர்த்தப்பட்டது. 1967 முதல் 1969 வரையான காலத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை நோய் மீண்டும் தாக்கியது. பின்னர் இடையறாத கண்காணிப்பின் பயனாக, 2012 ஒக்டோபரின் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா எதுவும் இல்லை என்ற நிலை எய்தப்பட்டு, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. காய்ச்சலுக்குப் பெயர்போன வன்னிக்கு இது சிறிய விடுதலை அன்று. போர் நடந்த ஆண்டுகளிலும் இப்பணி முற்றாக நின்றுவிடவில்லை என்பது, இந்நாட்டு மக்கள் உயிர்காக்கும் வேலையில் ஒன்றிணைய வல்லவர் என்பதற்குச் சான்று.

புற்றுநோயில் எமது நிலை யாது? மகரகம புற்றுநோய் வைத்தியசாலை 1950களில் உருவாயிற்று. தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 1980இலும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1985இலும் தொடங்கின. இவ்வாண்டுகளை உற்றுநோக்குக. பதிவேடு தொடங்கிய காலமும் வடக்குக் கிழக்கில் போர் மூண்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. வைத்தியசாலையை அடைந்தோரே பதிவேட்டை அடைவர். வீதிகள் மூடப்பட்டு, மருந்துகள் தடுக்கப்பட்டு, ஊர்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த நிலத்தில் தலைவலியோடும் வலிப்போடும் இறந்தோர் எத்தனை பேரின் நோய்க்குச் சரியான பெயர் கிடைத்திருக்கும்? 2009இல் வன்னியிலிருந்து ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியா முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டபோது, நெளுக்குளத்துப் பாடசாலையும் முகாமாயிற்று. அக்காலத்தில் உயிரோடு இருத்தலே பெரும் பதிவு. ஆராய்ச்சியின் நோக்கில் அம்மக்கள் எண்ணப்படாதோர். எண்ணப்படாத நோயை எவரும் ஆராயார்.

போர் முடிந்து ஈராண்டுகளின் பின், 2011இல், தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்துகடந்த நடைபயணம் ஒன்று தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக நிதி திரட்டியது. அவ்வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. 2016இல் அதே பாதையில் எதிர்த்திசையாக, பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைவரை, காலியின் கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடந்தனர். வடக்கின் நோயாளருக்காகத் தெற்கும், தெற்கின் நோயாளருக்காக வடக்கும் நடந்த இந்நிகழ்வைக் குறுகிய நோக்கிற் புறந்தள்ளுதல் தவறு. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே நோயால் ஒரே வகையில் வருந்துவர் என்ற எளிய உண்மை அதில் வெளிப்பட்டது. அதே வேளை, அரசின் கடமையாக இருக்கவேண்டிய கதிர்வீச்சுப் பிரிவு பெருமூலதனம் முன்னின்று திரட்டிய கொடையைச் சார்ந்து எழ நேர்ந்தமையையும் நாம் கேள்விக்குட்படுத்தல் வேண்டும். கொடை கட்டிடத்தை எழுப்பும். ஆண்டுதோறும் அதனுள் இயங்கவேண்டிய ஆளணியையும் மருந்தையும் ஆராய்ச்சியையும் பொதுநிதியே தாங்கமுடியும்.

மூளைப் புற்றுநோய்க்கு வழமையாக வழங்கப்படும் கதிர்வீச்சு முப்பது தடவை, ஆறு வாரங்கள். தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ செல்லும் நெளுக்குளத்துக் கூலித் தொழிலாளிக்குச் சிகிச்சை இலவசமே. ஆனால் ஆறு வாரக் கூலி இழப்பும், உடனிருப்போரின் உறையுளும் உணவும் இலவசம் அல்ல. இடைவழியில் சிகிச்சையைக் கைவிடும் ஒருவர் மருத்துவத்துக்கு மட்டுமன்றி ஆராய்ச்சிக்கும் இழப்பாவார். ஆதலின் போக்குவரத்துப் படியும் தங்குமிடமும் தயவுகள் அல்ல; ஆராய்ச்சியின் பௌதிக நிபந்தனைகள்.

6

மொழி பற்றியும் ஒரு சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். மிசனரியின் நோக்கம் எதுவாயினும், அறிவு மக்கள் மொழியில் இயங்கலாம் என்பது அன்றே நிறுவப்பட்டது. நோயாளி தன் திசுவையும் குறிப்புகளையும் ஆராய்ச்சிக்கு வழங்கச் சம்மதிக்கும் பத்திரம் அவர் விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும். விளங்காத மொழியிற் பெறப்படும் கையொப்பம் சம்மதம் அன்று. அது அபகரிப்பின் மென்மையான வடிவம். நாட்டின் பிற பகுதிகளில் இதே நியதி சிங்களத்துக்கும் பொருந்தும்.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, மூளைப் புற்றுநோய் பற்றிய அறிவு அதன் இயல்பாலேயே கூட்டு அறிவு; அதனைத் தனியுடைமையாக்கும் ஒவ்வொரு வேலியும் உயிர்களால் விலை கொடுக்கப்படுகின்றது. இரண்டாவது, பிரித்தானிய அனுபவம் காட்டுவதுபோல, நிறுவன அடித்தளமற்ற நிதி பாயாத நீர். மூன்றாவது, மலேரியாவின் வரலாறு காட்டுவதுபோல, ஒத்துழைப்பு ஒரு பருவத்து ஆரவாரமாயின் அதன் பயனும் ஒரு பருவத்ததே.

இம்முடிவுகளிலிருந்து செயலுக்குரிய கடமைகளும் எழுகின்றன. மாவட்டந்தோறும் நோயாளரைத் தவறாது எண்ணும் பதிவேடு வேண்டும். அறுவையில் அகற்றப்படும் ஒவ்வொரு மூளைக் கட்டியும், நோயாளியின் சம்மதத்துடன், நாடு முழுமைக்கும் பொதுவான முறையிற் பரிசோதிக்கப்பட்டுப் பேணப்படல் வேண்டும். தெற்காசிய நாடுகள் மருந்தைக் கூட்டாக வாங்குவதற்கு வழி காணவேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் இதில் இடமுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக 1997இல் உருவாகி 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம், நெளுக்குளத்தை ஊடறுக்கும் அதே மன்னார் வீதியிற் பம்பைமடுவில் உள்ளது. பொதுவில் திறந்துள்ள மரபணுத் தரவுகளை ஆராயப் பெரும் ஆய்வுகூடம் தேவையில்லை. கணினியும் கணித அறிவும் உழைப்பும் போதும். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு மருத்துவபீடங்களுடன் வவுனியாவின் பிரயோக விஞ்ஞான மாணவர் இணைவது கனவு அன்று.

குளத்து நீரில் கட்டருகே வயலுடையோனுக்கும் கடைவாய்க்காலில் வயலுடையோனுக்கும் பங்குண்டு என்பதே வன்னி வழமையின் நியாயம். ஆயின் கட்டைக் காக்கும் வேலையிலும் இருவருக்கும் பங்குண்டு. நெளுக்குளத்தின் நோயாளி உலக அறிவின் கடைவாய்க்காலில் நிற்பவர். அவருக்கு நீர் வந்துசேர வேண்டும் என்று கோருகின்றோம். அவருடைய எண்ணும், திசுவும், சொல்லும் அக்குளத்திற் சேரவேண்டும் என்றும் கோருகின்றோம். முதற் கோரிக்கை மட்டும் நிறைவேறின் அது தருமம். இரண்டும் நிறைவேறின் அது சமத்துவம்.